தயக்கத்துக்குக் கட்டம் இல்லை

திருநங்கைகள், திருநம்பிகள் ஆகிய திருநர்களின் உரிமைகளைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஆராயும் அரசியல் அறிவியல் ஆய்வாளர்களுக்கு,

வணக்கம்.

உங்களில் ஒருவரையும் நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் நீங்கள் எழுதிய கேள்விகளைப் பல வருடங்கள் வாய்விட்டுப் படித்திருக்கிறேன். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, "ஒரு இருபது நிமிஷம் பேச முடியுமா?" என்று கேட்டு, கிடைத்த இடத்தில் உட்கார்ந்து, மடியில் கேள்வித்தாளை வைத்துக்கொண்டு டிக் அடித்த களப்பணியாளர் நான். அப்புறம் கொஞ்ச காலம் ஆங்கிலத்தில் வரும் கேள்வித்தாள்களைத் தமிழில் எழுதிக் கொடுக்கும் வேலையும் பார்த்தேன். இந்த இரண்டு வேலைகளும் கொடுத்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு வீட்டில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மத்தியான நேரம். வீட்டுக்காரருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். விலைவாசி, வேலை, ஆட்சி பற்றிய கேள்விகளுக்கெல்லாம் நான் படித்து முடிக்கும் முன்பே பதில் சொல்லிக்கொண்டு வந்தார். பாதி தாண்டியதும், "திருநர் ஒருவர் உங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தால் உங்களுக்குச் சம்மதமா?" என்ற கேள்வி வந்தது. முழுச் சம்மதம், ஓரளவு சம்மதம், அவ்வளவாகச் சம்மதமில்லை, கொஞ்சமும் சம்மதமில்லை என்று நான்கு பதில்கள். மனிதர் பேசவில்லை. சுவரைப் பார்த்தார், என் பேனாவைப் பார்த்தார். உள்ளறை வாசலில் இருபது வயது மதிக்கத்தக்க ஒருவர் தரையில் உட்கார்ந்து செல்போனைத் தள்ளிக்கொண்டிருந்தார். அந்த விரல் நின்றுவிட்டதைக் கவனித்தேன். ஏன் என்று அப்போது புரியவில்லை. "ஓரளவு சம்மதம்னு போட்டுக்கோங்கம்மா" என்றார் கடைசியில். போட்டுக்கொண்டேன்.

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது அந்த இளவயதுக்காரர் பின்னாலேயே வந்தார். "அக்கா, அந்தக் கேள்விக்கு அப்பா ரொம்ப நேரம் யோசிச்சாரே, அதை எழுதினீங்களா?" என்று கேட்டார். "இல்லைப்பா, அதுக்குக் கட்டம் இல்லை" என்றேன். "சரிக்கா" என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். பார்த்தவுடன் ஆண்பிள்ளை என்று எண்ணி நான் "இல்லைப்பா" என்று சொல்லியிருக்கக்கூடாதோ என்பது தெருமுனைக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

கேள்வித்தாளின் கடைசிப் பக்கத்தில் எனக்கென்று ஒரு கேள்வி இருந்தது: "நேர்காணலின்போது வேறு யாராவது உடனிருந்தார்களா?" ஆம் என்று குறித்தேன். அந்த வீட்டில் நடந்ததில் உங்களிடம் வந்து சேர்ந்தது இவ்வளவுதான்: ஓரளவு சம்மதம், வேறொருவர் உடனிருந்தார். அந்தத் தகப்பனார் வெறுப்பில் யோசித்தாரா, ஊர் என்ன சொல்லும் என்ற பயத்தில் யோசித்தாரா, தன் பிள்ளை காதுபடச் சொல்லப்போகும் சொல்லைத் தேடித் தவித்தாரா என்று எனக்குத் தெரியாது. மூன்றும் ஒரே டிக்குக்குள் அடங்கிவிட்டன.

நீங்கள் கணக்குப் போடும் முறையில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. மாதிரியை எப்படி எடுக்கிறீர்கள், பிழையை எப்படிக் கணிக்கிறீர்கள் என்பதில் நீங்கள் படும் பாடு எனக்குத் தெரியும். என் மனக்குறையெல்லாம் கேள்விகளின் மேல்தான். எதைக் கேட்பது, எந்தச் சொல்லில் கேட்பது, யாரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு எழுதுவது என்பவற்றில்தான்.

இந்தத் துறையில் அதிகம் பேசப்படும் ஆய்வுகள் அமெரிக்காவிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் வந்தவை. அங்கிருந்தே எடுத்துக்காட்டுகிறேன். அமெரிக்காவில் கருத்துக்கணிப்பு நடத்தும் பியூ ஆய்வு மையம் 2022இல் கேட்டபோது, வேலை, வீடு, பொது இடங்கள் ஆகியவற்றில் திருநர்களைப் பாகுபாட்டிலிருந்து காக்கும் சட்டங்களை 64 சதவீத அமெரிக்கர்கள் ஆதரித்தார்கள். அதே கணிப்பில், திருநர் விளையாட்டு வீரர்கள் பிறப்பில் குறிக்கப்பட்ட பாலுக்குரிய அணியில்தான் ஆட வேண்டும் என்று 58 சதவீதம் பேர் சொன்னார்கள். 2025 பிப்ரவரியில் மறுபடி கேட்டபோது முதல் எண் 56 ஆகக் குறைந்தது. இரண்டாவது 66 ஆக ஏறியது. இதைப் படிக்கிறவர்கள் "ஆதரவு சரிகிறது" என்று ஒரே வரியில் தலைப்புப் போட்டுவிடுகிறார்கள். சரிந்ததும் உண்மைதான். ஆனால் சரிந்த பிறகும், வீட்டுக்காரர் வெளியே தள்ளக்கூடாது, முதலாளி வேலையைப் பறிக்கக்கூடாது என்று பாதிக்கு மேற்பட்டவர்கள் சொல்கிறார்கள். அந்த 56க்குள்ளும் 66க்குள்ளும் ஒரே ஆட்களே பலர் இருந்தாக வேண்டும். இரண்டையும் கூட்டினால் நூறைத் தாண்டுகிறதே. அப்படியானால் "திருநர் உரிமைக்கு ஆதரவு" என்ற ஒற்றை எண்ணை எங்கிருந்து எடுக்கிறோம்?

இதை உங்களில் சிலர் முன்பே கண்டுபிடித்துச் சொல்லியும் விட்டீர்கள். உடலைத் தொட்டு வரும் கேள்விகள் வேறு, குடியுரிமை சார்ந்த கேள்விகள் வேறு. கழிப்பறை, அறுவைச் சிகிச்சை, அடையாள ஆவணம் என்று வரும்போது மனிதர்களுக்குள் இருக்கும் அருவருப்பு உணர்ச்சி வேலை செய்கிறது, வேலை, வீடு என்று வரும்போது அது அவ்வளவாகத் தலையிடுவதில்லை என்று 2017 வாக்கிலேயே எழுதினீர்கள். அருமையான வேலை அது. ஆனால் கண்டுபிடித்த பிறகும் கேள்வித்தாள்கள் மாறவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில் 2015 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பை நீங்கள் எனக்குச் சொல்லித் தர வேண்டியவர்கள், இருந்தாலும் நினைவூட்டுகிறேன். இனம், வயது, மதம், மாற்றுத்திறன், ராணுவத்தில் இருந்தவர் என்று 15 அடையாளங்களுக்குப் பாகுபாட்டிலிருந்து பாதுகாப்புத் தரும் நகர விதி இருக்கட்டுமா என்ற வாக்கெடுப்பு அது. பாலின அடையாளம் அந்த 15இல் ஒன்று. எதிர்த்தவர்கள் மற்ற பதினான்கையும் அவ்வளவாகத் தொடவில்லை. பெண்கள் கழிப்பறைக்குள் ஆண்கள் நுழைவார்கள் என்ற பேச்சுத்தான் ஓங்கி ஒலித்தது. சுமார் 61 சதவீதம் பேர் அந்த விதியை நிராகரித்தார்கள். மூன்று வருடம் கழித்து, 2018 நவம்பரில், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பொது இடங்களில் திருநர்களைப் பாதுகாக்கும் சட்டம் இருக்கலாமா வேண்டாமா என்று வாக்கெடுப்பு வந்தது. அங்கும் கழிப்பறைப் பேச்சு வந்தது. ஆனால் ஏறத்தாழ 68 சதவீதம் பேர் சட்டம் இருக்கட்டும் என்று வாக்களித்தார்கள். ஊர் வேறு, அரசியல் வேறு, காலமும் வேறு என்பது சரி. எனக்கு அதில் தெரிவது இன்னொன்று. ஹூஸ்டனில் விதி என்னவாக இருந்தாலும், மக்கள் காதில் விழுந்த கேள்வி கழிப்பறை பற்றியது. மாசசூசெட்ஸ் மக்களோ அந்தச் சட்டத்தோடு இரண்டு வருடம் வாழ்ந்து பார்த்த பிறகு பதில் சொன்னார்கள்.

கருத்துக்கணிப்பிலும் இதுதான் நடக்கிறது. மேடையில் யார் எதைக் கிளப்புகிறார்களோ அது அடுத்த மாதம் கேள்வித்தாளில் ஏறிவிடுகிறது. விளையாட்டுக் கேள்வியையே பாருங்கள். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் தலைவர் 2024 டிசம்பரில் அந்நாட்டு மேலவைக் குழுவிடம், சுமார் 5,10,000 கல்லூரி விளையாட்டு வீரர்களில் தனக்குத் தெரிந்து திருநர்கள் பத்துப் பேருக்கும் குறைவு என்றார். அந்தப் பத்துப் பேரைப் பற்றி ஒரு நாடே திரும்பத் திரும்பக் கருத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறது. வாடகை வீடு கிடைக்காமல் அலைகிறவர்களைப் பற்றி, மருத்துவமனை வரிசையில் எல்லாரும் திரும்பிப் பார்க்க நின்று, கடைசியில் மருந்து வாங்காமலே திரும்புகிறவர்களைப் பற்றி எத்தனை கேள்வி கேட்டிருக்கிறீர்கள்? கேள்வித்தாளில் இடம் குறைவு, ஒவ்வொரு கேள்விக்கும் செலவு இருக்கிறது, தெரியும். அந்தக் குறைந்த இடத்தை யாருடைய கவலைக்குக் கொடுக்கிறோம் என்று யோசிக்கத்தான் சொல்கிறேன்.

பிரிட்டனில் வருடா வருடம் நடக்கும் சமூக மனப்பான்மை ஆய்வு, பிறப்புச் சான்றிதழில் பாலை மாற்றிக்கொள்ளத் திருநருக்கு உரிமை வேண்டுமா என்று கேட்கிறது. 2019இல் 53 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள். 2022இல் 30 சதவீதம்தான். மூன்றே வருடத்தில் இவ்வளவு இறக்கம் உங்கள் துறையில் அபூர்வம். அந்த மூன்று வருடங்களில் பிரிட்டனில் பிறப்புச் சான்றிதழை மாற்றிக்கொண்டு யாரும் யாருக்கும் கெடுதல் செய்ததாக நான் கேள்விப்படவில்லை. தன் பிறப்புச் சான்றிதழைத் தவிர வேறு ஒருவருடையதை வாழ்நாளில் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? மாறியது பத்திரிகையும் நாடாளுமன்றமும் பேசிய பேச்சு. அந்தப் பேச்சின் சூட்டைத்தான் அந்தக் கேள்வி அளந்தது என்று நான் நினைக்கிறேன்.

இனி சொற்களுக்கு வருகிறேன். இதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்வியைத் தமிழாக்க உட்காரும்போது முதல் வார்த்தையிலேயே நின்றுவிடுவேன். 'திருநங்கை' என்று எழுதினால் கேட்கிறவர் மனதில் திருநங்கை மட்டும்தான் வருவார். பிறப்பில் பெண்ணாகக் குறிக்கப்பட்டு ஆணாக வாழும் திருநம்பி காணாமல் போய்விடுவார். இரண்டு பேரையும் சேர்த்துச் சொல்லும் 'திருநர்' என்ற சொல் எழுத்தில் நன்றாக இருக்கிறது, ஆனால் கதவைத் திறக்கும் பெரியவர்களில் பலர் அதைக் கேட்டதே இல்லை. "அப்படின்னா யாரும்மா?" என்பார்கள். கேள்வித்தாளில் விளக்கம் இருக்காது. அப்போது களப்பணியாளர் தன் சொந்த வார்த்தையில் விளக்குவார். நான் ஒரு மாதிரி விளக்குவேன், என்னோடு வந்தவர் வேறு மாதிரி விளக்குவார். சீக்கிரம் புரியட்டும் என்று, எழுத எனக்கு மனமில்லாத அந்தப் பழைய வசைச்சொல்லைச் சொல்லி விளக்கியவர்களையும் கண்டிருக்கிறேன். வசையைக் காதில் போட்டுவிட்டு, "சம்மதமா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? அந்தப் பதிலும் என் பதிலும் உங்கள் கணக்கில் ஒரே நெடுவரிசையில் உட்கார்ந்திருக்கும்.

இன்னொரு கேள்வி. ஒருவர் ஆணா பெண்ணா என்பதைப் பிறப்பில் குறிக்கப்பட்ட பால் தீர்மானிக்கிறதா, அல்லது அதிலிருந்து வேறுபட்டும் இருக்கலாமா என்பது. ஆங்கிலத்தில் பாலுக்கு ஒரு சொல், பாலின அடையாளத்துக்கு ஒரு சொல் இருப்பதால் அது கேள்வியாக நிற்கிறது. தமிழில் எழுதும்போது பால், பாலினம் என்று பிரித்து எழுதிவிடலாம். வாயால் படிக்கும்போது அந்த வித்தியாசம் யாருக்கும் கேட்பதில்லை. "ஆம்பளையா பொறந்தா ஆம்பளைதானே, இதென்ன கேள்வி?" என்று ஒரு அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். நான் ஏதோ விடுகதை போடுகிறேன் என்றே நினைத்தார். அவரிடம் கொள்கை எதுவும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அன்றைக்கு அவரை ஒரு கொள்கைக்காரராகப் பதிவு செய்துவிட்டு வந்தேன்.

ஆனால் தமிழில் கேட்டதால் எனக்கு ஒன்று கிடைத்தது. ஆங்கிலத்தில் மட்டும் வேலை செய்கிறவர்கள் காதில் அது விழுந்திருக்காது. பதில் சொல்லும்போது மக்கள் எந்தச் சுட்டுப்பெயரைப் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் அது. ஒரு வீட்டில் எல்லாக் கேள்விக்கும் "ஆதரிக்கிறேன், ஆதரிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், நடுவில் "அதுங்களுக்கும் வேலை கொடுக்கணும்தான்" என்றார். இன்னொரு வீட்டில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் "வேணாம்மா" என்று சொன்ன ஒரு பாட்டி, "அவங்க பாவம், அவங்களை யாரும் அடிக்கக்கூடாது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்றார். முதலாமவர் உங்கள் ஆய்வில் ஆதரவாளர், பாட்டி எதிர்ப்பாளர். ராத்திரி பத்து மணிக்கு ஒரு திருநங்கை கதவைத் தட்டி உதவி கேட்டால் எந்த வீடு திறக்கும் என்று என்னைக் கேட்டால், நான் பாட்டி வீட்டைத்தான் காட்டுவேன். 'அது' என்பதற்கும் 'அவங்க' என்பதற்கும் நடுவில் இருக்கும் தூரத்தை அளக்க ஒரு வழி கண்டுபிடியுங்கள். பேச்சைப் பதிவு செய்து எண்ணினாலும் சரி, களப்பணியாளரைக் குறித்துக்கொள்ளச் சொன்னாலும் சரி. ஒவ்வொரு மொழியிலும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும்.

பட்டியல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல நாடுகளில் நடக்கும் உலக மதிப்பீடுகள் கருத்தாய்வு, யார் யார் பக்கத்து வீட்டுக்காரராக இருக்கக்கூடாது என்று ஒரு பட்டியலைப் படித்துக் கேட்கிறது. அதன் ஏழாம் சுற்றில் போதைப் பழக்கமுள்ளவர், வேறு இனத்தவர், வேறு மதத்தவர், தன்பாலீர்ப்பாளர் எல்லாம் அதில் உண்டு, திருநர் இல்லை. அதே கேள்வித்தாளில், பதில் சொல்கிறவர் ஆணா பெண்ணா என்பதைக் கேட்காமல் பார்த்தே குறித்துக்கொள்ளும்படி களப்பணியாளருக்குக் குறிப்பும் உண்டு. நான் வேலை பார்த்த கேள்வித்தாள்களிலும் அப்படித்தான் இருந்தது. பார்த்துத்தான் குறித்தேன். எத்தனை பேரைத் தப்பாகக் குறித்தேன் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அன்றைக்கு அந்த வீட்டில் பதில் சொல்லும் வாய்ப்பு தகப்பனாருக்கு வராமல் பிள்ளைக்கு வந்திருந்தால், முதல் பக்கத்திலேயே அவரைப் பற்றி நான் பொய் எழுதியிருப்பேன்.

இவ்வளவு குறை சொல்கிறவள், உங்கள் ஆய்வுகள்தான் எனக்கு நம்பிக்கையும் கொடுத்தன என்பதைச் சொல்லாமல் விட்டால் நன்றியில்லாதவள் ஆகிவிடுவேன்.

கதவைத் தட்டிப் பேசினால் மனம் மாறுமா என்ற கேள்விக்கு 2014இல் ஒரு பெரிய பதில் வந்தது. தன்பாலினத் திருமணம் பற்றிய அந்த ஆய்வு 'சயின்ஸ்' என்ற அறிவியல் இதழில் வந்து உலகமெல்லாம் பேசப்பட்டது. அடுத்த வருடமே அதன் தரவு நம்பத்தக்கதல்ல என்று தெரிந்து, கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அதை வெளிக்கொண்டு வந்தவர்களில் டேவிட் புரூக்மன், ஜோஷுவா கல்லா என்ற இரண்டு இளம் ஆய்வாளர்கள் இருந்தார்கள். அதே வழியில் நேர்மையாக ஓர் ஆய்வை நடத்தும் முயற்சியில் இருந்தபோதுதான் பழைய எண்கள் அவர்களுக்கு இடித்தன. பொய்யை அம்பலப்படுத்தியதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. அமெரிக்காவின் மயாமி நகரில் திருநர் உரிமை பற்றித் தங்கள் ஆய்வை நடத்தி 2016இல் அதே இதழில் வெளியிட்டார்கள். 56 பேர் வீடு வீடாகப் போய், 501 வாக்காளர்களிடம் பேசினார்கள். ஒரு பகுதியினரிடம் திருநர் பற்றிச் சுமார் பத்து நிமிடம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மற்றவர்களிடம் பொருட்களை மறுசுழற்சி செய்வது பற்றி. மூன்று மாதம் கழித்தும் முதல் பகுதியினரிடம் வெறுப்பு குறைந்தே இருந்தது. எதிர்த்தரப்பு வாதத்தைக் காட்டிய பிறகும் பாகுபாட்டுக்கு எதிரான சட்டத்துக்கு அவர்களிடம் ஆதரவு கூடியிருந்தது. போய்ப் பேசியவர் திருநராக இருந்தாலும் இல்லாவிட்டாலும் பலன் கிடைத்தது.

அந்தப் பத்து நிமிடத்தில் என்ன பேசினார்கள் என்பதுதான் என்னை உலுக்கியது. வாதம் செய்யவில்லை, புள்ளிவிவரம் வாசிக்கவில்லை. "நீங்கள் வித்தியாசமானவர் என்பதற்காக யாராவது உங்களைத் தாழ்வாக நடத்தியிருக்கிறார்களா?" என்று கேட்டுவிட்டு, அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டார்கள். இதே இருவர் 2020இல் வெளியிட்ட இன்னொரு கட்டுரையில், யாரையும் குறை சொல்லாமல் கதைகளைப் பரிமாறிக்கொள்ளும் பகுதியை எடுத்துவிட்டால் பேச்சு வேலை செய்வதில்லை என்று காட்டினார்கள். கதவு தட்டிப் பிழைத்த எனக்கு இது புரிந்த விஷயம். டிக் அடிக்க வேண்டிய அவசரத்தில் எத்தனையோ பேர் கதை சொல்ல வாயெடுத்தபோது, "சரிங்க, அடுத்த கேள்வி" என்று நானே தடுத்திருக்கிறேன்.

ஒரு பெரிய கவலையும் உண்டு. உங்கள் எண்களை அரசியல்வாதிகள் அனுமதிச் சீட்டாக வாசிக்கிறார்கள். 56 வந்தால் உரிமை கொடுக்கலாம், 46 வந்தால் நிறுத்திவைக்கலாம் என்பது போல. அர்ஜென்டினா நாடாளுமன்றம் 2012இல், ஒருவர் தன் பாலினத்தைத் தானே அறிவித்துப் பதிவு செய்துகொள்ளலாம் என்று சட்டம் இயற்றியது. இந்திய உச்ச நீதிமன்றம் 2014இல் பாலின அடையாளத்தைத் தீர்மானிப்பது அவரவர் உரிமை என்று தீர்ப்புச் சொன்னது. யாரும் அதற்காகப் பக்கத்து வீட்டுக்காரரிடம் போய்ச் சம்மதம் வாங்கி வரச் சொல்லவில்லை. என் பெயரை எப்படி எழுதுவது, நான் எங்கே குடியிருப்பது என்று யாரும் இதுவரை ஊரைக் கூட்டிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று அந்த வாசலில் செருப்போடு நின்றபோதுதான் முதன்முதலாக நினைத்துப் பார்த்தேன். நீங்கள் எண்ணை வெளியிடும்போது, இது மக்கள் மனநிலையின் அளவு, உரிமைக்குத் தகுதி இருக்கிறதா என்பதன் அளவு இல்லை என்று உங்கள் கையால் ஒரு வரி எழுதுங்கள். அதை எழுதும் தகுதி உங்களுக்குத்தான் இருக்கிறது.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். சதவீதத்தை வெளியிடும் இடத்திலேயே, அடிக்குறிப்பில் ஒளிக்காமல், கேள்வியை முழுசாக, கேட்ட மொழியிலேயே போடுங்கள். கேள்வித்தாளை எழுதும் மேசையில் திருநங்கைகளும் திருநம்பிகளும் இருக்கட்டும். எழுதி முடித்த பிறகு கருத்துக் கேட்பதற்காக அல்ல, முதல் நாளிலிருந்தே. அவர்களுடைய நேரத்துக்கும் சம்பளம் கொடுங்கள். ஒவ்வொரு மொழிக்கும் ஒரே விளக்கத்தை எழுதிக் களப்பணியாளர் கையில் கொடுங்கள். பார்த்துக் குறிக்கும் கட்டத்தை எடுத்துவிட்டு, "உங்களை எப்படிக் குறிக்கட்டும்?" என்று கேட்க விடுங்கள். இவற்றில் ஒன்றுகூட உங்கள் அறிவியலைக் கெடுக்காது. அப்புறம், யோசித்த நேரத்தைக் குறிக்க ஒரு கட்டம். கணினி வழியாகக் கேட்கும் ஆய்வுகளில் பதில் வர எத்தனை நொடி ஆனது என்பதை நீங்கள் ஏற்கெனவே சேமிக்கிறீர்கள். வாசலில் உட்கார்ந்து கேட்கிறவருக்கும் அந்த வசதியைக் கொடுங்கள்.

அடுத்த சுற்றுக் கேள்வித்தாள் அச்சுக்குப் போகும் முன் அதன் தமிழ்ப்படியை எனக்கு அனுப்புங்கள். சம்பளம் எதுவும் வேண்டாம். ஒரு திருநங்கையும் ஒரு திருநம்பியும் உட்கார்ந்திருக்கும் அறையில் அதைச் சத்தமாகப் படித்துப் பார்க்கிறேன். எந்த வரியில் என் குரல் தடுமாறுகிறது, எந்த வரியில் அவர்கள் முகம் மாறுகிறது என்று குறித்து உங்களுக்குத் திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் கேள்விகளோடு கதவு தட்டிய ஒரு களப்பணியாளர்